ரெட் ராக்ஸா, ஹாலிவுட் பவுலா?

அமெரிக்கப் பயணத்தில் ஒரே ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்குத்தான் நேரம் என்றால், பலரும் ரெட் ராக்ஸ், ஹாலிவுட் பவுல் என்ற இந்த இரண்டு அரங்கங்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

இடம்
ரெட் ராக்ஸ்: கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு மேற்கே. 1941-இல் திறந்தது, சுமார் 9,500 பேர் அமரலாம். இருபுறமும் 300 அடி உயரச் செம்பாறைகள். பாட்டு அந்தப் பாறைகளுக்கு இடையிலேயே நின்று நம்மைச் சூழ்ந்துகொள்ளும். மேல்வரிசையில் உட்கார்ந்தால் மேடைக்கு அப்பால் டென்வரின் விளக்குகள் தெரியும். இயற்கையே பாதி கட்டிக் கொடுத்த அரங்கம் இது. இந்த அழகுக்கு ஈடு கிடையாது.
ஹாலிவுட் பவுல்: லாஸ் ஏஞ்சலஸ் குன்றுகளுக்கு நடுவில், 1922 முதல். சுமார் 17,500 இருக்கைகள். பின்வரிசை என்றால் பெரும்பாலும் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

செலவு
ரெட் ராக்ஸ்: கச்சேரி இல்லாத பகலில் சும்மா சுற்றிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.
பவுல்: லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் என்ற இசைக்குழு நடத்தும் கோடை இரவுகளில் பின்வரிசை டிக்கெட் மலிவு. வீட்டுச் சாப்பாட்டையும் கொண்டுபோகலாம்.

சிரமம்
ரெட் ராக்ஸ்: கடல் மட்டத்திலிருந்து 6,450 அடி உயரம், ஏகப்பட்ட படிகள், மூச்சு வாங்கும். வானிலையையும் நம்ப முடியாது. 2023 ஜூனில் ஆலங்கட்டி மழையில் ரசிகர்கள் பலர் காயமடைந்தார்கள். மழைக்கோட்டு கட்டாயம்.
பவுல்: கோடையில் மழை அபூர்வம். ஆனால் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவதால், முன்னால் நிற்பவர் எடுத்தால்தான் நாம் கிளம்ப முடியும். பஸ்ஸில் போங்கள்.

முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு, சிம்பொனி கேட்கப் போகிறவர்களுக்குப் பவுல். மற்ற எல்லோருக்கும், கச்சேரி டிக்கெட் கிடைக்காவிட்டாலும்கூட, ரெட் ராக்ஸ்தான்.