டயமண்ட் ஹெட்: 5 டாலருக்கு ஒரு பீரங்கிப் படையின் படிக்கட்டு

ஹவாயின் ஓவாஹு தீவில், வைக்கிகிக் கடற்கரையில் எந்த இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தாலும், விடுதிக் கட்டடங்களின் வரிசை முடிகிற திசையில் ஒரு மலை கடலை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். வைக்கிகியை அச்சிட்ட அஞ்சலட்டைகளில் பெரும்பாலும் இடம்பெறும் டயமண்ட் ஹெட் அதுதான். இதன் உச்சிக்குச் செல்லும் பாதையில் நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். முதல் முறை தனியாக, விவரம் தெரியாமல், நண்பகலில் ஏறினேன். இரண்டாம் முறை ஒரு பிப்ரவரி மாதத்தில், அறுபத்தெட்டு வயதான என் அம்மாவுடன், காலையில் வாயில் திறந்த உடனேயே ஏறினேன். பாதையும் கட்டணமும் ஒன்றாக இருந்தும் இரண்டு அனுபவங்களும் அவ்வளவு வேறுபட்டிருந்தன என்பதால், போக நினைப்பவர்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணத்தையும் முன்பதிவையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் முதல், ஹவாய் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது. அங்கேயே வசிப்பவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கட்டணமின்றிப் போகலாம். நாங்கள் போனபோது ஆளுக்கு 5 டாலர், காரை உள்ளே நிறுத்துவதற்கு 10 டாலர். பதிவு 30 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. விடியற்காலை வேளைகள்தான் முதலில் தீர்ந்துபோகின்றன. எங்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் சுற்றுலாக்களை விற்க உட்கார்ந்திருந்தவர், தனியே போவது சிரமம் என்று சொல்லி, இதே மலையேற்றத்தை வேன் பயணத்தோடு சேர்த்து, நுழைவுக் கட்டணத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட விலைக்கு எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். அதற்குத் தேவையே இல்லை. வைக்கிகியிலிருந்து இந்த இடம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். நாங்கள் போகும்போது வாடகைக் காரிலும், திரும்பும்போது 23-ஆம் எண் பேருந்திலும் வந்தோம்.

வாயில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படுகிறது. மாலை 4 மணிக்குப் பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை. உச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று வருபவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே வாயில் திறப்பதற்கு முன்பே சூரியன் உதித்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏழு மணியை ஒட்டித்தான் உதயம் என்பதால், அந்த மாதங்களில் முதல் வேளைக்குப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அது வாய்க்கும். மாலைச் சூரியன் கடலில் இறங்குவதை இங்கிருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குள் உங்களைக் கீழே இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இந்த மலையில் வெளிப்புறமிருந்து ஏறுவதில்லை என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. சாலை ஒரு சுரங்க வழியில் நுழைந்து, மலையின் வயிற்றுக்குள், ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான அகலமுள்ள எரிமலைக் கிண்ணத்தின் தரையில் கொண்டுபோய் விடுகிறது. மலை என்று நாம் வெளியே பார்த்தது இந்தக் கிண்ணத்தின் விளிம்பைத்தான். சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடல்நீரும் எரிமலைக் குழம்பும் மோதி வெடித்ததில் மேலே எழுந்த சாம்பல், திரும்ப விழுந்து இறுகிப் பாறையாகியிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியும் இத்தீவில் வடகிழக்கிலிருந்துதான் காற்று வீசும்; அந்தக் காற்று சாம்பலைத் தென்மேற்காகத் தள்ளியதால்தான் அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் 232 மீட்டர் உயரத்துக்கு ஓங்கி நிற்கிறது. அந்த விளிம்பின் முகப்பைப் பார்த்த ஹவாய் மக்கள், மஞ்சள் துடுப்புச் சூரை மீனின் நெற்றி போல இருக்கிறதென்று லேஆஹி என்று பெயரிட்டார்கள். பின்னால் வந்த மேலைநாட்டுக் கப்பலோட்டிகள் சரிவில் மின்னிய கால்சைட் படிகங்களை வைரம் என்று எண்ணி ஏமாந்ததில் இப்போதைய பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டில் மீன்காரர்கள் வைத்த பெயர்தான் சரியானது என்பதைக் கடற்கரையிலிருந்து ஒருமுறை பார்த்தாலே ஒப்புக்கொள்வீர்கள்.

பாதையின் நீளம் ஒரு வழிக்கு 1.3 கிலோமீட்டர், கிண்ணத்தின் தரையிலிருந்து உச்சி வரை ஏறவேண்டிய உயரம் 171 மீட்டர். எண்களைப் பார்த்து அலட்சியமாக வருபவர்களைப் பாதை பாதி வழியில் உட்கார வைத்துவிடுகிறது. முதல் முறை நண்பகலில் ஏறியபோது எனக்கு நேர்ந்தது அதுதான். சிமென்ட் நடைபாதை முடிந்த பிறகு கரடுமுரடான சாம்பற்பாறைத் தடம் வளைந்து வளைந்து ஏறுகிறது. அதில் நிழல் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. கிண்ணத்தின் சுவர் காற்றைத் தடுத்துவிடுவதால், கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் புழுக்கம் தாங்கவில்லை. குடிநீரும் கழிப்பறையும் அடிவாரத்தில் மட்டுமே இருக்கின்றன என்பதை நான் மேலே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பாதையை இயற்கை நடைப்பயணமாக எண்ணி மதிப்பிட்டால் நடுத்தர மதிப்பெண்தான் கிடைக்கும். இது பீரங்கிப் படைக்காக 1908-இல் வெட்டப்பட்ட வேலைப்பாதை. அமெரிக்க அரசு 1904-இல் இந்த மலையை வாங்கி, 1906-இல் இதனடியில் ரூகர் கோட்டையை அமைத்தது. ஹொனலுலுத் துறைமுகத்தை நோக்கி வரும் பகைக் கப்பல்களை உச்சியிலிருந்து பார்த்து, கீழே கோட்டையிலும் வைக்கிகிக் கடற்கரையிலும் இருந்த பீரங்கிகளுக்குத் தூரமும் திசையும் கணக்கிட்டுச் சொல்ல ஒரு நிலையம் தேவைப்பட்டது. இன்று நாம் ஏறும் ஒவ்வொரு படியும் அந்த நிலையத்தைக் கட்டுவதற்கும் அதற்கு ஆள் அனுப்புவதற்கும் போடப்பட்டது. வளைவுகள் அவ்வளவு சீராக இருப்பதற்குக் காரணம், கட்டுமானப் பொருட்களைச் சுமந்து கோவேறு கழுதைகள் ஏறியதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏறினால் பாதையின் இரண்டாம் பாதி முற்றிலும் வேறாகத் தெரிகிறது.

அம்மாவுடன் ஏறிய நாளில் கைப்பேசி விளக்கின் ஒளியில்தான் தொடங்கினோம். நடுவழியில் சிமென்ட் தளம் ஒன்று வருகிறது. கழுதையின் முதுகில் ஏற்ற முடியாத பொருட்களைக் கிண்ணத்தின் தரையிலிருந்து கம்பி வடத்தில் இழுத்து ஏற்றிய இயந்திரம் நின்ற இடம் அது. எல்லோரும் அதைக் கடற்காட்சி பார்க்கும் இடமாக மட்டும் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டியதும் செங்குத்தாக 74 படிகள். அவை முடிகிற இடத்தில் ஒரு சுரங்கத்தின் வாய். 225 அடி நீளமுள்ள அந்தச் சுரங்கம் இரண்டு பேர் தோளை ஒதுக்கிக்கொண்டு கடக்கிற அகலம்தான். உள்ளே விளக்குகள் இருக்கின்றன. ஆனாலும் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. அம்மா ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். "கர்ப்பக்கிருகத்தைச் சுத்தி வர்ற மாதிரி இருக்குடா" என்றார். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் நானும் அப்படியே உணர்ந்திருப்பேன்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தவுடன் நெஞ்சை நிமிர்த்திப் பார்க்க வைக்கும் 99 படிகள் ஒரே நேர்கோட்டில் எதிரே நிற்கின்றன. முட்டிவலி உள்ளவர்கள் இங்கே பதற வேண்டியதில்லை. இடப்புறம் பிரிகிற தடம் ஒன்று விளிம்பின் வெளிப்பக்கமாகச் சற்றுச் சுற்றிக்கொண்டு, இன்னொரு படிக்கட்டின் வழியாக உச்சியை அடைகிறது. அம்மாவை அந்த வழியில் அழைத்துப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ படிகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருபுறக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். நான்கு இடங்களில் நின்றார், ஐந்தாவது இடத்தில் நானும் நிற்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், இந்த 5 டாலரும் அந்தப் படிகளின் முடிவில் வரும் சில நிமிடங்களுக்காகத்தான். படிகள் நேராக 1911-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கண்காணிப்பு நிலையத்தின் கீழ்த்தளத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன. இருட்டில் ஒரு சுழல் படிக்கட்டு. இரும்பு குளிர்ந்திருக்கிறது, ஈரச் சுண்ணாம்பு வாசனை வருகிறது. மேல்தளத்தில் சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில், ஒரு முழ உயரத்துக்கு நீளவாக்கில் ஒரு திறப்பு. ஒரு காலத்தில் இரும்புக் கதவு போட்டு மூடிய அந்தத் திறப்பின் வழியாகத்தான் வீரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வழியாகத்தான் இப்போது நாம் குனிந்து, ஏறத்தாழத் தவழ்ந்து, வெளியேற வேண்டும். கூரையை நிமிர்ந்து பார்த்தால், கடலிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாறை போலத் தெரியட்டும் என்று கான்கிரீட்டில் பதித்த கற்கள் தெரிகின்றன. குனிந்த தலையோடு அந்தப் பிளவிலிருந்து வெளியே வரும்போது, முன்னறிவிப்பே இல்லாமல் பசிபிக் பெருங்கடல் முழுவதும் முகத்துக்கு எதிரே விரிகிறது. சுற்றுவழியில் வருபவர்களுக்கு இந்த ஒன்று கிடைக்காது என்பதால், முடிந்தவர்கள் சிரமப்பட்டாவது 99 படிகளில் ஏறி, இறங்கும்போது சுற்றுவழியில் வரும்படி சொல்வேன்.

உச்சித் தளம் சிறியது. மேற்கே வைக்கிகியின் விடுதிகள் தீப்பெட்டிகளை அடுக்கியது போல நிற்க, அவற்றுக்கிடையில் 1927-இல் திறக்கப்பட்ட ராயல் ஹவாயன் விடுதி மட்டும் இளஞ்சிவப்பு நிறத்தில் குள்ளமாகத் தனித்துத் தெரிகிறது. நேர் கீழே கடலோரத்தில் 1917-இல் கட்டிய கலங்கரை விளக்கம். கிழக்கே கோக்கோ ஹெட் குன்றின் பக்கம் வானம் வெளுத்து, ஏழு மணியளவில் சூரியன் வந்தது. திமிங்கலங்கள் வரும் பருவம் என்பதால் எல்லோரும் கடலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. கீழே கடற்கரைப் பூங்காவின் ஓரமாக, இன்று படை அருங்காட்சியகமாக இருக்கும் ராண்டால்ஃப் பீரங்கித் தளம் இருக்கிறது. 14 அங்குலப் பீரங்கிகள் இரண்டு அங்கே இருந்தன. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் பகைக் கப்பல் ஒன்றை நோக்கி அவை ஒருமுறைகூடச் சுட நேரவில்லை. இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றை நானே முன்பே படித்து வைத்திருந்ததால்தான் உச்சியில் நின்று அம்மாவுக்குக் காட்ட முடிந்தது. ஒரு நாளைக்கு இத்தனை பேரை ஏற்றி இறக்கும் இடத்தில், சுழல் படிக்கட்டின் அருகிலேனும் இது எதற்காகக் கட்டப்பட்டது என்று நாலு வரி பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. எனக்குப் பின்னால் வந்த குடும்பம் அந்த அறையைப் பழைய சிறைச்சாலை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பதிவு முறை வந்த பிறகும் எட்டு மணிக்கு மேல் சுரங்கத்தில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் எதிரெதிரே நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. உச்சியில் படம் எடுக்க வரிசை நீள்கிறது. முதல் வேளைக்குச் சென்றால் இதிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். ரப்பர்ச் செருப்போடு ஏறுபவர்கள் ஏராளம். ஆனால் இறக்கத்தில் சரளைக் கல்லில் வழுக்கி உட்காருபவர்களும் அவர்களே. பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி ஆகியவை போதும். சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ உள்ளவர்களுக்கு முதல் சிமென்ட் நடைபாதைக்கு மேல் வழியில்லை.

நாங்கள் இறங்கியது நல்ல வெளிச்சத்தில். ஏறும்போது இருட்டில் தெரியாத செடிகொடிகளை அம்மா அப்போதுதான் கவனித்தார். பாதையோரம் முழுவதும் சவுண்டல். நம் ஊரில் ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற அதே தழை, அதே தட்டைக் காய். இடையிடையே கியாவே என்று அங்கே அழைக்கப்படும் முள்மரங்கள். அவை நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு, 1828-இல் ஹொனலுலுவில் முதன்முதலாக நடப்பட்டவை. அடிவாரப் புல்வெளியில் மைனாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவையும் பயிர்களைத் தின்ற படைப்புழுவை ஒழிக்க 1865-இல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவைதான். கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்து சவுண்டலையும் மைனாவையும் பார்ப்பதற்கா காசு கொடுத்தோம் என்று அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு மைனாவைப் படம் பிடித்தார்.

போக வர, நின்ற நேரமும் சேர்த்து, எங்களுக்கு இரண்டு மணி நேரமும் இருபது நிமிடமும் ஆயின. நல்ல நடையுள்ளவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அடிவாரத்தில் வண்டிக்கடையில் அன்னாசிப் பழச்சாறு விற்கிறார்கள்; விலை நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம், ஆனால் அந்த நேரத்தில் பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருப்பதில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகச் சாலைச் சுரங்கத்தின் வழியாகத்தான் மறுபடி நடக்க வேண்டும். உள்ளே கார்கள் உரசுவது போலப் போகும் என்பதால் நடைமேடையை விட்டு இறங்காமல், சுவரை ஒட்டி வரிசையாகச் செல்லுங்கள்.