கேஸ் அடுப்புச் சோதனை என்று வந்து 3,450 ரூபாய் பறித்துச் சென்றார்கள்: சேலத்துக்காரர்கள் கவனத்திற்கு

கடந்த வியாழக்கிழமை பிற்பகல், சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீட்டிற்குக் கேஸ் அடுப்பின் பாதுகாப்பைச் சோதிக்க வந்திருப்பதாகச் சொல்லி வந்த ஒருவர், தனியாக இருந்த என் தாயாரிடம் 3,450 ரூபாய் வாங்கிச் சென்றுவிட்டார். அவரை அனுப்பியது கேஸ் ஏஜென்சி அல்ல, வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு தனியார் சர்வீஸ் நிறுவனம் என்பது ரசீதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை உண்டு. சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டுகள் என்பதும் சரிதான். காக்கிச் சட்டையும் கழுத்தில் புகைப்பட அட்டையுமாக வந்தவர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "கேஸ் புக்கைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அம்மா கொடுத்த அதே புத்தகத்தில் இருந்த நுகர்வோர் எண்ணைத் தொலைபேசியில் யாருக்கோ வாசித்து, "இந்த நம்பருக்கு இன்ஸ்பெக்‌ஷன் பாக்கிதானே?" என்று உரக்கக் கேட்டாராம். அத்துடன் அம்மாவின் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பிறகு சோப்புத் தண்ணீர் கரைத்து வரச் சொல்லி அம்மாவைப் பின்கட்டுக்கு அனுப்பியிருக்கிறார். சோதனைக்கு வருகிறவர் சோப்புக் கரைசலைக் கூடவா கொண்டுவர மாட்டார்? அம்மா திரும்பி வந்ததும் டியூபும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் நுரையைத் தடவினார்; குமிழி குமிழியாகக் கிளம்பியது. அன்று காலை வரை துளி வாசனையும் இல்லாத அந்த இணைப்பு, அம்மா பின்கட்டில் இருந்த நேரத்தில் தளர்த்தப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "இப்படியே விட்டா ராத்திரிக்கு வீடே போயிடும்மா" என்ற ஒரு வார்த்தையில், கீரைக்கட்டுக்குக் கூடப் பேரம் பேசும் என் தாயார், மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். டியூபுக்கு 950, ரெகுலேட்டருக்கு 1,200, பர்னருக்கு 900, சோதனைக் கட்டணம் 400. மொத்தம் 3,450 ரூபாய்.

அன்றிரவே சமையலறையில் வாசனை வந்தது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அம்மா படுப்பதோ தரையில் பாய் விரித்து. கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழைத்த பின் வந்த ஏஜென்சி மெக்கானிக், புதிய டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்பு ஆண்டும் இல்லை என்று காட்டினார். முறையான டியூபை இருநூறு ரூபாய்க்குள் மாற்றிக் கொடுத்தார். பழைய ரெகுலேட்டரை அந்த ஆள் கையோடு கொண்டுபோய்விட்டார். அது வைப்புத்தொகைக்கு எண்ணெய் நிறுவனம் கொடுத்த பொருள் என்பதால், தொலைந்த கணக்கில் எழுதிக் கொடுத்து அதற்கும் தனியே பணம் கட்ட வேண்டுமாம்.

ரசீதில் இருந்த எண்ணுக்கு அழைத்தால், டெக்னீஷியன் ஃபீல்டில் இருக்கிறார், அவரே அழைப்பார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னார். அடுத்த நாள் பேசிய மேலாளர், "உங்கம்மா திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே சார்" என்றார். அந்தப் படிவம் முழுவதும் ஆங்கிலம். அம்மா தமிழ் மட்டுமே படிப்பவர். பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவது வழக்கமில்லை, வேண்டுமானால் அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபாய் கழிவு தருகிறோம் என்றார். 3,450 ரூபாயைப் பறித்தவர்களை மறுபடியும் வீட்டுக்குள் விட 300 ரூபாய் கழிவு! பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். ஐந்து ரோடு பக்கம் என்று ரசீதில் போட்டிருந்த முகவரியில் இருப்பது ஒரு ஜெராக்ஸ் கடை. ஏஜென்சிக்காரர்களோ "எங்கள் ஆள் இல்லை" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். ஓர் அறிவிப்புப் பலகையாவது வைத்திருக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

விரிவாக எழுத நேரமில்லை. சோதனை என்று யார் வந்தாலும், அவர் நீட்டும் அட்டையில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்கள் சிலிண்டர் ரசீதில் இருக்கும் ஏஜென்சி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ரெகுலேட்டரைக் காசுக்கு மாற்றாதீர்கள், பழையதை யாரிடமும் கொடுக்காதீர்கள். வாசனை வந்தால் மின்சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். அந்த ஆள் இப்போது சேலத்திலேயே குகை என்ற பகுதியில் சுற்றுவதாக நேற்று ஒருவர் சொன்னார். அங்கே பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.