ஈராண்டு உப்புக்காற்றில் தொங்கிய பன்னிரண்டு லைஃப்பாய்கள்

190 மீட்டர் நீளமுள்ள மொத்தச் சரக்குக் கப்பலொன்றில் மூன்றாம் அதிகாரியாகப் பணிபுரியும் எனக்கு, உயிர்காப்புச் சாதனங்களைப் பேணுவதே நாள்தோறும் கண்முன் நிற்கும் பொறுப்பாகும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கப்பல் பழுதுபார்ப்புக்காக உலர்துறைக்குச் சென்றபோது பழைய லைஃப்பாய்கள் (நீரில் விழுந்தவருக்கு வீசும் மிதவை வளையங்கள்) அனைத்தையும் கழித்துவிட்டு, கடினமான பாலிஎதிலீன் ஓட்டுக்குள் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய ஆரஞ்சு நிற வளையங்களை வாங்கினோம். இடையில் விடுப்புக்கு ஊர் வந்து மீண்டும் இதே கப்பலில் ஏறியதால், அவற்றைப் புதிதாகவும் பழசாகவும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் தயாரிப்பதால், நான் எழுதுவது ஒரு நிறுவனத்தைப் பற்றியல்ல, இந்த வகையைப் பற்றியே என்று கொள்ளவும்.

வளையத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. வெளிவிட்டம் 800 மில்லிமீட்டருக்கு மிகாமலும் உள்விட்டம் 400 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும், 14.5 கிலோ இரும்பைக் கட்டி நன்னீரில் விட்டால் 24 மணி நேரம் தாங்க வேண்டும்; குறைந்தது 30 மீட்டர் உயரத்திலிருந்து நீரில் விழுந்தும் உடையாமல் இருக்க வேண்டும் என்று சர்வதேச உயிர்காப்புச் சாதன விதித்தொகுப்பு கேட்கிறது. முன்தளத்தில் வெயிலில் கிடந்தவற்றின் நிறம் மங்கியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டுகிறது. ஆயினும் ஓட்டில் வெடிப்பு எதுவும் இல்லை. விதிவிலக்கு, கப்பலில் ஏறி இறங்கும் படியான கேங்வே அருகில் வைத்திருந்த ஒன்றுதான். கேங்வேயின் கைப்பிடிக் கம்பி மோதி அதன் ஓட்டில் மயிரிழை போன்ற கீறல் விழுந்திருந்தது. உள்ளே நீர் புகுந்ததா என்று பார்வைக்குத் தெரியாததால், சமையலறையில் அரிசி நிறுக்கும் தராசில் அதை வைத்துப் பார்த்தேன்: புதிதில் இரண்டரைக் கிலோவாக இருந்தது மூன்று கிலோவைத் தாண்டியிருந்தது. உள்ளே நீர் இறங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனைத்தையும் நிறுத்து, எடையைப் பதிவேட்டில் எழுதி வருகிறேன். விதி இதைக் கேட்கவில்லை; ஆனால் இவ்வகை ஓடுகளுக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

பிடிகயிறு என்னை ஏமாற்றியது. வளையத்தைச் சுற்றி நான்கு இடங்களில் பிணைத்து நான்கு சம வளைவுகளாகத் தொங்கும் இந்தக் கயிறு 9.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனும், வளையத்தின் வெளிவிட்டத்தைப் போல நான்கு மடங்கு நீளமும் உடையதாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த கயிறு அளவில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பதினெட்டாவது மாதத்தில், முன்தளத்து வளையமொன்றின் கயிற்றை இரு கைகளாலும் முறுக்கிப் பார்த்தபோது, மேல் இழைகள் தேங்காய் நார்த்தூள் போல உதிர்ந்து கையுறையில் படிந்தன. நீரில் விழுந்து தவிப்பவர் முதலில் பற்றுவது வளையத்தையல்ல, இந்தக் கயிற்றையே. அதைக் கப்பலிலேயே மாற்ற முடியாதபடி ஓட்டோடு சேர்த்து இறுக்கியிருப்பது இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பலவீனம் என்று கருதுகிறேன். கயிற்றுக்காக முழு வளையத்தையே கழிக்க வேண்டியிருக்கிறது. வாங்குவோர் கயிற்றை மாற்றிக்கொள்ளக்கூடிய வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

எங்கள் கப்பலின் நீளத்துக்குப் பன்னிரண்டு வளையங்கள் தேவை. அவற்றில் ஆறில் தானே எரியும் விளக்கு இருக்க வேண்டும். அந்த ஆறில் இரண்டு, ஆரஞ்சுப் புகை எழுப்பும் புகைக்குறியுடன், கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜிலிருந்து உடனே விடுவிக்கும்படி அமைந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக, விளக்கில்லாத வேறு இரண்டில், வளையத்தோடு சேர்த்து வீசும் மிதக்கும் உயிர்க்கயிறு இருக்க வேண்டும். பிரிட்ஜின் இரு பக்க நீட்சிகளான பிரிட்ஜ் விங்குகளில் தொங்கும், புகைக்குறியுடைய இரண்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வளையத்தைப் பிடித்திருக்கும் முள்ளை இழுத்தவுடன் அது விழ வேண்டும். விழும் வேகத்தில், தன்னோடு கட்டியுள்ள விளக்கும் புகையும் சேர்ந்த கலத்தைத் தாங்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு வளையத்துக்குக் கனம் வேண்டும் என்பதால் இங்கே பெரும்பாலும் நான்கு கிலோ வளையத்தையே வைப்பார்கள். நான் முன்பு பணிபுரிந்த கப்பலொன்றில், பழுதானதற்குப் பதிலாகச் சேமிப்பறையில் கிடந்த இரண்டரைக் கிலோ வளையத்தை யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள். நிறம் ஒன்று, உருவம் ஒன்று. மாதந்தோறும் சரிபார்ப்புப் பட்டியலில் 'சரி' என்று குறித்தவர்களில் நானும் ஒருவன். துறைமுக ஆய்வாளர் வந்து வளையத்தைத் திருப்பி, ஓட்டில் பதித்திருந்த எடையைச் சுட்டிக்காட்டியபோது எனக்கு உடல் நடுங்கியது. பன்னிரண்டு நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 370 மீட்டர் கடந்துவிடும். கப்பலைத் திருப்பிக்கொண்டு வரும்வரை அலைகளுக்கு நடுவே மனிதத் தலை கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சுப் புகைதான் தெரியும். பதினைந்து நிமிடமாவது எழ வேண்டிய அந்தப் புகை தாங்கியிலேயே தங்கிவிட்டால் விழுந்தவரை எங்கே தேடுவது?

இம்முறை வாங்கிய நான்கு கிலோ வளையங்கள் அந்தக் குறையைப் போக்கிவிட்டன. ஆனால் உடன் வந்த தாங்கியின் முள் உப்பில் இறுகுகிறது. ஆறு வார நீண்ட பயணத்துக்குப் பிறகு, புகைக்கலத்தின் இணைப்பைக் கழற்றி வைத்து, வளையத்தைக் கயிற்றால் தாங்கிக்கொண்டு சோதித்தேன். முழுப் பலத்தோடு இழுத்தும் முள் அசையவில்லை. தளப் பணியாளர்களின் தலைவரான போசன் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் தட்டிய பிறகே வெளியே வந்தது. அதன் மேல் கைப்பிடிக் கம்பிக்கு அடித்த வெள்ளைப் பெயிண்டும் ஒரு பூச்சு இருந்தது. அதற்குப் பின் வாரம் ஒரு முறை நன்னீரால் கழுவிக் கிரீஸ் இட்டு வருகிறோம். பெயிண்ட் வேலை தொடங்குமுன் தாங்கியைத் துணியால் மூடிவிடுகிறோம். முள்ளையும் தாங்கியையும் துருப்பிடிக்காத உயர்தர எஃகில் கேட்டு வாங்குவதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

விளக்குகள் எல்.ஈ.டி. வகையைச் சேர்ந்தவை, இரண்டு மணி நேரம் எரிய வேண்டியவை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது அணைந்திருந்து, நீரில் நிமிர்ந்தவுடன் எரிகின்றன. ஆறும் இன்றுவரை ஒழுங்காக எரிகின்றன, நீர்க்கசிவு இல்லை, மின்கலத்தின் காலாவதித் தேதி கண்ணாடிக்கு வெளியிலிருந்தே படிக்கும்படி இருக்கிறது. தளத்தைக் கழுவியவர் விளக்கை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனதால் ஒரு முறை இரவெல்லாம் எரிந்து மின்கலம் தீர்ந்ததற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது.

உயிர்க்கயிற்றுக்காகத் தந்த பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் எங்களைப் போன்ற கப்பல்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கிய பிறகு பெட்டியைத் திறந்தபோது, அடியில் இருந்த வடிகால் துளை கரித்தூளால் அடைபட்டு, மழைநீர் தேங்கி, முப்பது மீட்டர் கயிறும் கருஞ்சேற்றில் ஊறிக் கிடந்தது. காய்ந்த பின் சுருள் பிரியாமல் விறைத்துக்கொண்டது. எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத, முறுக்கிக்கொள்ளாத கயிறு என்று விதி சொல்வது, வீசும்போது அது சிக்கலின்றி ஓட வேண்டும் என்பதற்காகத்தான். இப்போது கயிற்றை நீர் வடியும் வலைத்துணிப் பையில் வைத்திருக்கிறோம். சரக்கு இறக்கும் நாள்களில் பையின் மேல் ஓர் உறை போடுகிறோம், துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் உறையை எடுத்துவிடுகிறோம்.

மொத்தத்தில் ஓட்டுக்கும் விளக்குக்கும் முழு நிறைவு தெரிவிக்கிறேன்; பிடிகயிற்றுக்கும் பெட்டிக்கும் தெரிவிக்க முடியவில்லை. அடுத்த கொள்முதல் பட்டியலில் மாற்றத்தக்க பிடிகயிறுடைய வளையங்கள் நான்கையும், பிரிட்ஜ் விங்குக்கென்றே நான்கு கிலோ வளையம் ஒன்றைக் கூடுதல் இருப்பாகவும் கேட்டிருக்கிறேன். சேமிப்பறையில் அதைத் தனிக் கொக்கியில் மாட்டி, எடையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்கு அட்டையும் தயாராக இருக்கிறது.