தலவாக்கலையில் திறந்த பெல்ட் மூடி

‘டைமிங் பெல்ட் சோதிக்கப்பட்டது’ என்று மோட்டார் சைக்கிளின் சர்விஸ் பில்லில் அச்சடித்திருந்தார்கள். அந்தப் பெல்ட்டை மறைத்திருக்கும் கறுப்பு மூடியின் ஆணிகளிலோ காய்ந்த செம்மண் அப்படியே கிடந்தது. அலன் சாவி நுழையவேண்டிய அறுகோணக் குழி ஒவ்வொன்றும் விளிம்பு வரை மண்ணால் அடைந்திருந்தது. அந்த ஆணிகளைக் கழற்றாமல் பெல்ட்டைப் பார்க்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பைக் என் மச்சானுடையது. டுகாட்டி மான்ஸ்டர் 400. ஜப்பானில் சாதாரண மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 400 சிசியோடு நின்றுவிடும் என்பதால் அந்த நாட்டுக்காகச் செய்த வண்டி. அங்கே ஓடி, பிறகு இலங்கைக்கு வந்தது. தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும் இரட்டைச் சிலிண்டர். 90 பாகையில் பிரியும் இரண்டில் ஒன்று முன் சக்கரத்தை நோக்கிப் படுத்திருக்கும், மற்றது நிமிர்ந்து நிற்கும். முன் சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் படுத்திருக்கும் சிலிண்டரின் தகடுகளுக்குள்தான் போய் அடையும். மலைநாட்டின் ஹட்டன் வீதியில் ஒரு மழைக்காலம் ஓட்டினால் போதும்.

ஸ்டுட்கார்ட்டில் நான் ஓட்டுவதும் இதே குடும்பத்து இயந்திரம்தான். அதனால் எனக்கு அந்தப் பெல்ட்டின் அருமை தெரியும். சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் போகவும் புகை வெளியேறவும் வழிவிடுவது வால்வு. மற்ற வண்டிகளில் அதைத் திறப்பது ராக்கர் என்ற நெம்புகோல், மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியில் மூடுவதற்கும் தனி ராக்கர் உண்டு. ஃபாபியோ தாலியோனி 1956இல் பந்தய வண்டியில் கொண்டுவந்த ஏற்பாடு அது. அத்தனையையும் நேரம் தவறாமல் சுழற்றுவது சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். ஒன்று அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வு வளையும், பிஸ்டன் அடிபடும். ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றுவது இதனால்தான். ரப்பர் நின்ற இடத்திலேயே முதுமை அடைகிறது.

மச்சானின் வண்டி நிறையவே நின்றிருந்தது. 2022இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த மாதங்களில் அது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் ஓடியது. ஆகவே நான் வருமுன்னரே சொல்லியிருந்தேன்: பாக எண்ணை அனுப்பு, பெல்ட்டுகளைச் சூட்கேஸில் கொண்டுவருகிறேன், நீ முழுச் சர்விஸ் செய்து வை. அவனும் மலைநாட்டின் பெரிய நகரமொன்றில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்த நிலையத்தில் விட்டிருக்கிறான். நான் போய்க் கேட்டபோது, கவுண்டரில் இருந்தவர் “ஓட்டமே இல்லையே சேர், பெல்ட் புதிது போல இருக்கிறது” என்றார். எப்படிப் பார்த்தீர்கள் என்றேன். பதில் இல்லை. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். டயரில் ஒரு கோடு தேய்ந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கண்டிப்பை நான் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன். அன்று அந்தக் கவுண்டரின் முன்னால் நின்றபோது அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று தோன்றியது.

யாரோ சொல்லி, மலைநாட்டுச் சிறு நகரான தலவாக்கலைக்குப் போனோம். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, ஆகவே அன்றே போகவேண்டும். பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, தகரக் கூரைக் கராஜ். உள்ளே ஆட்டோக்கள்தான். ஒரு பக்கம் இரண்டு தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள் செயின் கழற்றிக் கிடந்தன. பாஸ் என்று எல்லோரும் அழைக்கும் தலைமை மெக்கானிக் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். பைக்கைச் சுற்றி நடந்தார், குனிந்தார், முதலில் கண்ணில் பட்டதே அந்த ஆணிகள்தான். “இதை யாரும் திறக்கவில்லையே தம்பி” என்றார். எனக்குக் கை கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

டுகாட்டியை அவர் அதுவரை கழற்றியதில்லை. அதை மறைக்கவுமில்லை. “புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்டார். என் கைப்பேசியில் இருந்த சர்விஸ் கையேட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். மகனை அனுப்பித் தேநீர் வரவழைத்தார், எனக்கு ஸ்டூல் போட்டார். ஸ்டுட்கார்ட்டில் வேலைத்தளத்துக்குள் வாடிக்கையாளன் கால் வைக்க முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மணிக்கணக்குக் கூலியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு ஆணி கழன்றபோதும் நான் பக்கத்தில் இருந்தேன்.

மண்ணை ஊசியால் கிளறி எடுத்த பிறகே அலன் சாவியை வைத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மேல் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, பெல்ட்டின் பற்சக்கரங்களில் உள்ள நேரக் குறிகளை நேருக்கு நேர் கொண்டுவந்தார். பழைய பெல்ட்டிலும் பற்சக்கரங்களிலும் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்தார். பெல்ட்டைக் கழற்றி, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே எத்தனை பல் என்று வாய்விட்டு எண்ணி, அதே எண்ணிக்கையில் புதியதிலும் புள்ளி வைத்தார். மகனை இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். பழைய பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். பற்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ‘புதிது போல’ இருந்த பெல்ட் அதுதான்.

இறுக்கம் பார்க்கும் வழியை நான் சொன்னேன்: பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் அலன் சாவி வழுக்கிப் போக வேண்டும், 6 போகக் கூடாது. அவர் அதை நான்கைந்து தடவை சரிபார்த்தார். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம் என்று மச்சான் சாவியை எடுத்தான். பாஸ் தடுத்தார்: “கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறி திரும்ப வந்து சேராமல் சாவியைத் தொடக் கூடாது.” கையேட்டின் அந்தப் பக்கத்தை நான் இன்னும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை. ஆட்டோ இயந்திரங்களில் முப்பது ஆண்டுகள் கை வைத்த மனிதனுக்கு யாரும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கிய கூலி ஸ்டுட்கார்ட்டின் ஒரு மணிநேரத்துக்கும் குறைவு. கூடுதலாகக் கொடுத்ததை முதலில் மறுத்தார்; மகனின் கையில் வைத்தேன். மறுவாரம் நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறினோம். 1,868 மீற்றர் உயரத்துக் காற்றில் கார்புரேட்டர் கொஞ்சம் அதிகமாகப் பெற்றோல் குடித்தது. அது எதிர்பார்த்ததுதான், பாஸே சொல்லியிருந்தார். வேறு எந்தக் குறையும் இல்லை.

ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்வது: மூடி திறந்திருக்கும் நிலையில் ஒரு படம் கேளுங்கள், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். எங்கள் பழைய பெல்ட்டுகளும், மண் அடைந்த ஆணிகளின் படங்களும், அந்தப் பில்லும் மச்சானிடம் பத்திரமாக இருக்கின்றன. செய்யாத வேலைக்கான பணத்தைத் திருப்பித் தருமாறு அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் மச்சான் முறைப்பாடு கொடுப்பான்.