விமானி பயிற்சிக் கண்காட்சி: யாரிடம் பேசுவது, எதைக் கேட்பது

சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியின் அரங்கில் நடந்த விமானி பயிற்சிக் கண்காட்சிக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். நுழைவு இலவசம், இணையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். உள்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள், வெளிநாடுகளுக்கு மாணவர்களை அனுப்பும் முகவர்கள், விமானி உரிமம் வழங்கும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் தேர்வுகளுக்கு வகுப்பெடுக்கும் மையங்கள், கல்விக்கடன் தரும் வங்கிகள் என ஏறக்குறைய எல்லாத் தரப்பினரும் அங்கே கடை விரித்திருந்தனர். அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகும் ஒரு படிப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு இத்தகைய கண்காட்சி பயன்படுமா என்று கேட்டால், பயன்படும் என்றே சொல்வேன். ஆனால் ஸ்டாலில் நம்மோடு பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தே அந்தப் பயன் அமையும்.

பெரும்பாலான ஸ்டால்களில் முன்வரிசையில் நின்றவர்கள் சேர்க்கை ஆலோசகர்கள். கட்டணம், விடுதி, தவணை ஆகியவற்றுக்கு உடனுக்குடன் விடை சொல்லும் அவர்கள், பள்ளியில் எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன என்று கேட்டால் அச்சிட்ட கையேட்டைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதே ஸ்டாலின் பின்பக்கத்தில், வெள்ளைச் சட்டையின் தோளில் பட்டைகளோடு பேசாமல் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநரைத் தேடிப் பிடிப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை. அப்படி ஒருவரிடம், சென்ற மாதம் உங்கள் மாணவர் ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று என் மகள் கேட்டாள். அவர் கைப்பேசியை எடுத்து அந்த வாரத்தின் பறத்தல் அட்டவணையையே காட்டினார். வரிசையாகப் பெயர்கள், எதிரே விமானப் பதிவெண், பல கட்டங்களில் சிவப்பு எழுத்தில் 'ரத்து' என்ற குறிப்பு. பாதி வானிலையால், மீதி விமானம் பராமரிப்பில் இருந்ததால் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அரங்கில் நான் கேட்டவற்றில் அதிக நம்பிக்கை தந்த பேச்சு அதுதான்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். 10 மாணவர்களுக்கு ஒரு விமானம் என்று வைத்து, அந்த விமானம் மாதம் 60 மணி நேரம் பறப்பதாகக் கொண்டால், ஒருவருக்கு மாதம் 6 மணி நேரம்தான் கிடைக்கும். 200 மணி நேரத்தை எட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். கையேடுகளிலோ '12 மாதங்களில் உரிமம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே விமானங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதாது. பறக்கும் நிலையில் உள்ளவை எத்தனை, மாணவர் எத்தனை பேர், பராமரிப்புப் பொறியாளர் ஓடுதளத்திலேயே இருக்கிறாரா, இரவுப் பயிற்சிக்கு அந்த விமான நிலையம் திறந்திருக்குமா, இரட்டை எஞ்சின் விமானம் பள்ளிக்குச் சொந்தமா வாடகையா என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே கேள்வியை அடுத்தடுத்த ஸ்டால்களில் கேட்டு விடைகளை ஒப்பிட முடிவதே கண்காட்சியின் பெரிய வசதி; ஒரு பள்ளியின் குறையைப் பக்கத்து ஸ்டால்காரர் தாராளமாகச் சொல்லிவிடுகிறார், அதையும் பாதி தள்ளிக் கேட்டுக்கொள்ளலாம்.

2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்த பயிற்சிப் பள்ளிகளின் தரவரிசையில் 'ஏ பிளஸ்', 'ஏ' நிலைகளை எந்தப் பள்ளியும் எட்டவில்லை. எல்லாமே 'பி', 'சி' நிலைகளில்தான் இடம்பெற்றன. 'டிஜிசிஏ அங்கீகாரம்' என்று பெரிதாகப் பதாகை கட்டியிருந்த ஸ்டால்களில் ஒன்றிலும் தங்கள் தரநிலை என்ன என்பது கண்ணில் படவில்லை. கேட்டால் சொல்கிறார்கள், கேட்காதவருக்குச் சொல்வதில்லை.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி அரங்கில் எவரும் தாமாக வாய் திறக்காதது எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அதன்பின் முதல் வகுப்புச் சான்று என்ற இந்த வரிசையை முடிக்காமல் வணிக உரிமம் இல்லை. கண்ணாடி அணிவது தடையில்லை, திருத்திய பார்வை வரையறைக்குள் இருந்தால் போதும்; நிறக்குருடு போன்ற சிக்கல்தான் பெரும்பாலும் வழியை அடைக்கிறது. பல லட்சம் ரூபாய் முன்பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் என்ன லாபம்? மருத்துவச் சான்றை முடித்துவிட்டுக் கண்காட்சிக்குப் போவதே சரியான வரிசை.

வெளிநாட்டுப் பள்ளிகளின் முகவர்கள் வானிலையையும் வேகத்தையும் முன்னிறுத்துகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அங்கே பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே மீண்டும் டிஜிசிஏ தேர்வெழுத வேண்டும், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும் என்பதை அவர்கள் கடைசி வரியில்தான் சொல்கிறார்கள். சிமுலேட்டர் இருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுப்பதற்கு நீண்ட வரிசை நின்றது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் நடந்த கருத்தரங்கு நன்றாக அமைந்தது. பணியில் இருக்கும் கேப்டன் ஒருவர், உரிமம் கையில் வந்ததும் வேலை வந்துவிடாது, ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங்கைத் தனியே பல லட்சம் செலவில் முடிக்க வேண்டியிருக்கும், ஆளெடுப்பு நின்றுபோகும் காலங்களும் உண்டு என்று பெற்றோர் முகம் வாடுவதைப் பொருட்படுத்தாமல் சொன்னார். கேள்வி நேரத்தை மட்டும் பாதியிலேயே முடித்துவிட்டார்கள்.

குறை என்று சொன்னால், 'இன்றே சேர்ந்தால் தள்ளுபடி' என்று ரசீதுப் புத்தகத்தை நீட்டும் வழக்கம். ஒரு ஸ்டாலில் பணத்தைத் திருப்பித் தரும் விதிகளை எழுத்தில் கேட்டபோது, மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் இன்றுவரை அனுப்பவில்லை. அங்கே ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. மாறாக, ஓடுதளத்துக்கு நேரில் வந்து மாணவர்களோடு பேசிப் பார்க்க அனுமதிப்பீர்களா என்று எல்லாரிடமும் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது தயங்காமல் தேதி கொடுத்தவர்கள் மிகச் சிலரே. எங்கள் பட்டியலில் இப்போது இருப்பவையும் அந்தப் பள்ளிகள் மட்டுமே.