கழுத்து வலி: கை சிகிச்சையா, தசைப் பயிற்சியா?

மூன்று மாதம் தாண்டியும் விடாத கழுத்து வலி. பிசியோதெரபிஸ்ட் கையால் அழுத்தி அசைத்துவிடட்டுமா, நாமே தசையை வலுப்படுத்தலாமா?

வேகம்: கை சிகிச்சையில் ஓரிரு அமர்வுகளிலேயே கழுத்து லேசாகத் திரும்பலாம். பயிற்சிக்கு 6 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும்.

நீடிப்பு: கை சிகிச்சையின் இதம் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்குத்தான். பயிற்சி முந்துவது இங்கேதான். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்று தலையாட்டுவதுபோல் முகவாயை மெல்ல உள்ளிழுத்து 10 விநாடி நிறுத்திப் பாருங்கள். ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். நாலைந்து முறையில் கழுத்தின் முன்தசை நடுங்கத் தொடங்கினால், பலவீனம் அங்கே இருக்கிறது. தோள்பட்டைத் தசைகளையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

செலவு: ஒன்றில் அமர்வுக்கு அமர்வு பணம். மற்றதில் கற்றுக்கொள்ளும்வரைதான், அப்புறம் ஒரு ரப்பர் பட்டை போதும். ஆனால் சோம்பல் வரும், அதுதான் இதன் பெரிய எதிரி.

ஆபத்து: கை சிகிச்சையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பினால், அரிதாக, ரத்தக்குழாய் கிழியலாம். பயிற்சியில் பெரும்பாலும் தசைவலியோடு போய்விடும்.

கழுத்தைத் திருப்பவே முடியாதவர்கள் கை சிகிச்சையில் தொடங்கி, கூடவே பயிற்சியையும் பிடித்துக்கொள்ளலாம். வலி வந்து வந்து போகிறவர்களுக்கு என் ஓட்டு பயிற்சிக்கே. கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.