ராஜா வீட்டுக் கணக்கு: ஐரோப்பாவில் எது மலிவு?

ஸ்பெயின் ராஜா வீட்டுக்கு அந்நாட்டு பட்ஜெட்டில் ஆண்டுக்குச் சுமார் 84 லட்சம் யூரோ. நெதர்லாந்து ராஜாவுக்கு 5 கோடி யூரோவுக்கு மேல். பிரிட்டனில் 2025-26க்கு 13.21 கோடி பவுண்டு. இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்து, பார், ஸ்பெயின்காரர்கள் எவ்வளவு சிக்கனம் என்று சொல்லும் பட்டியல்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. நம்பிவிடாதீர்கள். மூன்றும் மூன்று விதமாக எழுதப்பட்ட கணக்கு.

ஸ்பெயினில் அந்த 84 லட்சம் ராஜா குடும்பத்தின் சம்பளத்துக்கும் அவர்களுடைய அலுவலக நிர்வாகத்துக்கும் மட்டும்தான். அரண்மனைகளைப் பார்த்துக்கொள்வது பத்ரிமோனியோ நசியோனல் என்ற தனி அரசு நிறுவனம், காவல் செலவு உள்துறையின் தலையில், வெளிநாட்டுப் பயணம் வெளியுறவுத் துறையின் தலையில். வீட்டு வாடகையை அண்ணன் கட்டுகிறார், மளிகை மாமனார் வீட்டிலிருந்து வருகிறது, பெட்ரோல் ஆபீஸ் கணக்கு, ஆக என் மாதச் செலவு ஐயாயிரம்தான் என்று ஒருவர் பெருமையடித்தால் எப்படி இருக்கும், அதுதான் இது.

நெதர்லாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே தேசிய பட்ஜெட்டின் முதல் அத்தியாயமே ராஜாவுக்கானது. முன்பு பல அமைச்சகங்களில் சிதறிக் கிடந்த செலவுகளில் பெரும்பகுதியை அங்கே ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பாதுகாப்புச் செலவு அதிலும் கிடையாது, ஆனாலும் ஸ்பெயினைவிட எவ்வளவோ தேவலை. இப்படித் திறந்து வைத்ததாலேயே பட்டியல்களில் நெதர்லாந்து ஊதாரி என்ற பெயரை வாங்கிக்கொள்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 3 யூரோ வாக்கில் வருகிறது. என்னை உறுத்துவது அந்தத் தொகை அல்ல. ராஜா வில்லெம் அலெக்சாண்டருக்குச் சொந்தச் சம்பளமாக மட்டும் 10 லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது, அதற்கு வருமான வரி கிடையாது, அந்த விலக்கை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் மகள் அமாலியா 2021இல் 18 வயதை எட்டியபோது ஆண்டுக்கு 16 லட்சம் யூரோ வரவேண்டியிருந்தது, படிக்கிற காலத்தில் எனக்கு இது வேண்டாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டார். நல்ல பெண். ஆனால் ஒரு கல்லூரி மாணவிக்கு 16 லட்சம் என்று சட்டம் எழுதியவர்களை என்ன சொல்வது?

சரி, பிரிட்டனுக்கு வருவோம். பெரிய கூத்து அங்கேதான்.

2012 முதல் அங்கே ராஜாவின் மானியம் ஒரு சூத்திரப்படி நடக்கிறது. கிரௌன் எஸ்டேட் என்ற நிலச் சொத்தின் லாபத்தில் இத்தனை சதவீதம். முதலில் 15 சதவீதம், பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய வயரிங், குழாய்களை மாற்றும் 36.9 கோடி பவுண்டு வேலைக்காக 25 சதவீதம் ஆக்கினார்கள், இப்போது 12 சதவீதம். குறைத்துவிட்டார்களே, அப்புறம் ஏன் 8.63 கோடியில் நின்றிருந்த மானியம் 13.21 கோடிக்குப் போனது? இங்கிலாந்து, வேல்ஸ் கரையோரக் கடலடி நிலமும் இந்த எஸ்டேட்டின் கையில் இருக்கிறது. கடலில் காற்றாலை நிறுவ வந்த நிறுவனங்கள் இடம் பிடிக்கக் கட்டிய பணத்தில் 2023-24 லாபம் 110 கோடி பவுண்டைத் தாண்டியது. அதில் 12 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ராஜா குடும்பத்தின் வேலை ஒரு இம்மியும் கூடவில்லை, காற்று வீசியது, மானியம் ஏறியது. லாபம் விழுந்தாலும் மானியம் முந்தைய ஆண்டைவிடக் குறையக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு வேறு இருக்கிறது. ஏறும், இறங்காது.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ராஜா 110 கோடியை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு 13 கோடியைத்தானே திரும்ப வாங்குகிறார், மக்களுக்கு லாபம்தானே? இல்லை. 1760இல் மூன்றாம் ஜார்ஜ் அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்தது தர்ம காரியமாக அல்ல. அதற்குப் பதிலாக அரசு நிர்வாகச் செலவு அவர் தலையிலிருந்து இறங்கியது, ஆண்டுக்கு ஒரு நிலையான தொகையும் கிடைத்தது. சார்ல்ஸ் நினைத்தால் அந்த எஸ்டேட்டில் ஒரு ஏக்கரைக்கூட விற்க முடியாது. நாளைக்கே முடியாட்சி போனாலும் அந்த லாபம் கஜானாவுக்குத்தான் வரும். இதற்கு வெளியே லங்காஸ்டர் எஸ்டேட் ராஜாவுக்கும் கார்ன்வால் எஸ்டேட் இளவரசருக்கும் ஆண்டுக்குத் தலா 2 கோடி பவுண்டுக்கு மேல் தருகின்றன. ஒரு ராஜாவிடமிருந்து அடுத்த ராஜாவுக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி இல்லை. எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்கு அரசு செலவழித்தது சுமார் 16.2 கோடி, 2023 முடிசூட்டுக்கு 7.2 கோடி. காவல் செலவு எவ்வளவு என்பதை வெளியே சொல்வதே இல்லை. ஆளுக்கு 2 பவுண்டுகூட ஆகாது, ஒரு காபிக் காசு என்று வாதாடுகிறவர்கள் மானியத்தை மட்டும் எடுத்து மக்கள் தொகையால் வகுக்கிறார்கள்.

அப்படியானால் குடியரசு மலிவா? இங்கே முடியாட்சி எதிர்ப்பாளர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். இத்தாலி 1946இல் ராஜாவை அனுப்பிவிட்டது, ஆனால் அவர் இருந்த குய்ரினாலே அரண்மனையில் ஜனாதிபதியைக் குடிவைத்தது, அந்த மாளிகைக்கு இன்றைக்கும் ஆண்டுக்கு 22.4 கோடி யூரோ அழுகிறது. ராஜா போனார், ராஜா வீட்டுச் செலவு போகவில்லை. ஜெர்மனியில் அதே மாதிரி அலங்காரப் பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கும் அலுவலகத்துக்கும் 4 கோடி யூரோ சொச்சம்தான், அதுவும் 8 கோடிப் பேர் உள்ள நாட்டில். மகுடம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது போலிருக்கிறது.

பயன் பக்கம். சுற்றுலா என்று ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ராஜாவே இல்லாத வெர்சாய் அரண்மனைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் பேர் வாக்கில் போகிறார்கள். உள்ளே யாரும் குடியிருக்காததால் ஆண்டு முழுக்கப் படுக்கையறை வரை காட்ட முடிகிறது.

நெருக்கடியில் நாட்டைக் காப்பார்கள் என்பது கொஞ்சம் கனமான வாதம். 1940இல் நார்வே ராஜா ஏழாம் ஹாகோன், நாஜி ஆதரவாளரான க்விஸ்லிங்கைப் பிரதமராக்கச் சொன்ன, நாட்டுக்குள் படையோடு புகுந்த ஜெர்மானியர்களுக்கு முடியாது என்றார், தேவைப்பட்டால் முடி துறக்கிறேன் என்று அமைச்சரவையிடமும் சொல்லிவிட்டார். அதற்கு விலை போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 1981இல் ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ராணுவப் போலீசார் நுழைந்தபோது அப்போதைய ராஜா ஹுவான் கார்லோஸ் நள்ளிரவு தாண்டித் தொலைக்காட்சியில் வந்து அந்தக் கலகத்தை எதிர்த்துப் பேசியதும் அப்படித்தான். ஆனால் அதே மனிதர்தான் 2012இல், நாடு வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்தபோது, போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டார், 2014இல் முடி துறந்தார், 2020இல் அபுதாபிக்குப் போய்விட்டார். 2021இல் அவர் வரித்துறைக்கு ஒரே தவணையில் கட்டிய பாக்கி மட்டும் வட்டியோடு சேர்த்துச் சுமார் 44 லட்சம் யூரோ, சிக்கனமானது என்று புகழப்படும் அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல்!

பிரிட்டனில் 2019இல் நாடாளுமன்றத்தை முடக்கும் உத்தரவுக்கு எலிசபெத் ஒப்புதல் கொடுத்தார், அது சட்டவிரோதம் என்று சொன்னது உச்ச நீதிமன்றம். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலி ஜனாதிபதி மத்தரெல்லா, யூரோவை எதிர்க்கும் ஒருவரை நிதியமைச்சராக்க மறுத்துக் கையெழுத்து போடாமல் நின்றார். அது சரியா தவறா என்பது வேறு சண்டை. அந்த 22.4 கோடி செலவுக்கு, முடியாது என்று சொல்லக்கூடிய ஒரு ஆளாவது உட்கார்ந்திருக்கிறார்.

லிக்டன்ஸ்டைனையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அங்கே இளவரசர் சம்பளம் வாங்குவதில்லை, சொந்த வங்கியே இருக்கிறது. ஆனால் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றும் சட்டத்தைக்கூட அவர் தடுக்கலாம். இலவசம்தான், வேண்டவே வேண்டாம்.

என் வரிப் பணம் என்றால் நான் ஜெர்மனியை முதலில் வைப்பேன். முடியாட்சிகளுக்குள் நெதர்லாந்து, அந்த வரி விலக்கை மட்டும் எடுத்துவிட்டால். 2019இல் ஐந்து பேரப்பிள்ளைகளை ராஜ குடும்பப் பட்டியலிலிருந்து நீக்கி எதிர்காலச் செலவைக் குறைத்த சுவீடனும் பக்கத்திலேயே வரும். பிரிட்டன் அந்தக் காற்றாலைச் சூத்திரத்தை விடும் வரை கடைசிதான். ஸ்பெயின் எந்த இடம் என்று கேட்டால், முதலில் முழு பில்லையும் ஒரே தாளில் காட்டட்டும், அப்புறம் சொல்கிறேன்.